வெம்பக்கோட்டைக்கு வேண்டும் வெடிமருந்தில்லாக் காகிதத் தொழில்

அமெரிக்க ஓரிகாமிக் (காகித மடிப்புக்) கலைஞர் மைக்கேல் லாஃபோஸ் உயிரியல் படித்தவர். பட்டாம்பூச்சியையும் பறவையையும் மடிப்பதற்கு முன், அதற்கான காகிதத்தையும் தாமே செய்துகொள்பவர். ஆலைக் காகிதத்தில் குட்டை இழைகள் பெரும்பாலும் ஒரே வாக்கில் படிந்திருக்கும். மடிப்பின் மேல் மடிப்பு விழுந்தால் நைந்து கிழியும். பருத்தி, அபாக்கா போன்றவற்றின் நீண்ட இழைகள் பின்னிக்கிடக்கும் காகிதமோ அதைத் தாங்கும். ஜப்பானின் அகிரா யோஷிசாவா (1911–2005) காகிதத்தை ஈரப்படுத்தி மடித்து, விலங்குகளின் உடல் வளைவையே அதில் கொண்டுவந்தார். நல்ல காகிதமும் பழகிய கையும் சேர்ந்தால்தான் இந்தக் கலை. இரண்டுக்கும் வாய்ப்புள்ள, பட்டாசுத் தொழில் நடக்கும் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதை ஒரு தொழிலாகவே வளர்க்க வேண்டும்.

பழகிய கைக்கு இங்கே பஞ்சமில்லை. பட்டாசுக் குழாய் உருட்டுவதும் சரம் பின்னுவதும் காகிதத்தின் போக்கறிந்து செய்யும் வேலைகள். ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தபோது, சரம் பின்னியவர்களின் பிழைப்பு நேரடியாக அடிபட்டது. 2012இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரையும், 2021இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரையும் வெடிவிபத்து பலிகொண்டது. கைத்திறன் இருந்தும், வெடிமருந்து இருக்கும் வளாகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்ற நிலை நீடிக்கக் கூடாது.

மூலப்பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதக் கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்துவருகிறது. இங்கே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதன் வெட்டுத் துண்டுகளை ஊறவைத்துக் கூழாக்கலாம். காலண்டரும் டைரியும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் சிவகாசிக்கு வியாபாரத் தொடர்புகள் புதிதல்ல. 1930களில் வார்தாவிலிருந்து கையால் செய்யும் காகிதத்துக்குப் புத்துயிர் கொடுத்த ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த தே.கல்லுப்பட்டியும் தொலைவில் இல்லை.

இது பட்டாசுத் தொழிலுக்கு ஈடாகுமா என்று கேட்பார்கள். ஆகாது, அந்த இடத்தை இது கேட்கவும் இல்லை. மழைக்காலத்திலும் தடைக்காலத்திலும் வேலையின்றி நிற்கும் குடும்பத்துக்கு இரண்டாவது வருமானம் கிடைத்தாலே பெரிது. வானம் பார்த்த பூமியில் காகிதக் கூழுக்கு வேண்டிய தண்ணீருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. வடிந்த நீரை மீண்டும் தொட்டியில் விடும் ஏற்பாடும் வேதி வெளுப்பைத் தவிர்ப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். காகிதக் கூடங்களும் சிறியவையாகவே இருக்கட்டும். அந்நியக் கலை என்பாருக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. கடலிலிருந்து வந்த சங்கில் செய்த வளையல்கள் வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்துள்ளன. தீப்பெட்டித் தொழிலும் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்ததுதான். கற்றுக்கொண்டதைத் தனதாக்கிக்கொள்வதே இவ்வட்டாரத்தின் பலம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிற அணிலை நம் பருத்திக் காகிதத்தில் மடித்தால், அது இரவல் கலை ஆகாது.

மாவட்ட நிர்வாகமும் கதர் கிராமத் தொழில் ஆணையமும் சேர்ந்து வெம்பக்கோட்டையில் ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கட்டும். அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையங்கள் முதல் கொள்முதலுக்கு உறுதி தரட்டும். குழாய் உருட்டும் கூலியைவிட அதிகக் கூலி வேண்டும். குழந்தைகளை ஒருபோதும் வேலையில் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் காக்காமல் தொடங்கும் எந்தக் கைத்தொழிலும் இம்மக்களுக்கு விடிவைத் தராது.