அஞ்சாம் தேதி

முப்பத்தோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம், ஓ.பி.யில் காத்திருக்கும் பெண்களுக்கு மார்பகச் சுயபரிசோதனை சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. மேஜைமேல் ரப்பர் மாடலை வைத்துக்கொண்டு, "நடு மூணு விரல். நுனியால இல்லம்மா, சதைப்பக்கம். முதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, கடைசியா விலா எலும்பு தட்டுப்படற வரைக்கும். அக்குளை விட்டுடாதீங்க" என்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அந்த மாடலில் கட்டி வைத்திருக்கும் மூன்று இடமும் எனக்கு மனப்பாடம். என் உடம்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

ஒருநாள் ஓர் அம்மா வெள்ளந்தியாகக் கேட்டார்: "நீங்க எந்தத் தேதியில பாத்துக்குவீங்க சிஸ்டர்?"

"அஞ்சாம் தேதி" என்றேன். வீட்டு வாடகை கொடுக்கும் தேதி அது.

அன்று மத்தியானம் டூட்டி ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்டேன். ஆறு பேர் இருந்தோம். மாதாமாதம் பார்ப்பவள் ஒருத்திதான். அவள் அம்மாவுக்கு வந்திருக்கிறது. இன்னொருத்தி பிராக்டிகல் பரீட்சையோடு சரி. "நைட் முடிஞ்சு போனா குளிக்கறதே ரெண்டு சொம்பு" என்றாள் ஒருத்தி. சர்ஜரி வார்டில் பல வருஷம் இருந்தவள் மட்டும் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "பாத்தா இருந்துடுமோன்னு பயம்க்கா."

விவரம் தெரியாதவர்கள்தான் பயப்படுவார்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, தோல் ஆரஞ்சுப்பழத் தோலாகி, புண் வெடித்த பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு டிரஸ்ஸிங் செய்தவள் அவள். அவளுடைய பயமே அந்த விவரம்தான். செவிலியரிடம் எடுத்த ஆய்வுகள் பல நாடுகளில் இதையே சொல்கின்றன: கேள்விக்குப் பதில் சரியாக வருகிறது, பழக்கம் வருவதில்லை.

எனக்குச் சாக்கும் ஒன்று கிடைத்தது. ஷாங்காயில் நெசவாலைப் பெண்கள் சுமார் 2.66 லட்சம் பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு, 1989-ல் தொடங்கியது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை ஊன்றிக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-ல் வெளிவந்த முடிவில், கற்றவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135, கல்லாதவர்களில் 131. கற்றவர்களுக்குத் தேவையில்லாத பயாப்ஸிதான் அதிகம். படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் பார்க்காமல் விட்டது அந்த ஆய்வால் அல்ல என்பது வேறு விஷயம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு வந்தபோது அந்த நிம்மதி போயிற்று. 1998-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பார்த்தார்கள். டாக்டர்கள் இல்லை, மேமோகிராம் இல்லை. இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை.

தன் கை இல்லை, அடுத்தவள் கை. டூட்டி ரூமில் அது ஆறு ஜோடி இருக்கிறதே!

சர்ஜரி வார்டுக்காரியும் நானும் முதலில் தொடங்கினோம். கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒருத்திக்கொருத்தி. முதல்முறை இரண்டு பேரும் சிரித்தே பாதி நேரம் போயிற்று. மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஒருத்திக்கு ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் சாதாரணக் கட்டி. ரிசல்ட் வரும்வரை மூன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. ஷாங்காய் கணக்கில் அவளையும் சேர்க்க வேண்டியதுதான்.

ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. சர்ஜரி வார்டுக்காரி இப்போதும் வீட்டுக்கு வருகிறாள். காபி குடித்து முடித்ததும் நான்தான் சொல்வேன்: "கையைத் தேய்ச்சு சூடு பண்ணிக்கோடி, போன தடவை ஐஸா இருந்துச்சு."