அணுவுக்குப் பார்வையாளர் தேவையில்லை

நாம் பார்ப்பதால்தான் உலகம் உருவாகிறது, இதைக் குவாண்டம் இயற்பியலே நிரூபித்துவிட்டது என்ற பேச்சு ஆன்மிகச் சொற்பொழிவுகளிலும் தன்னம்பிக்கை வகுப்புகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இன்று சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. கூடவே இரட்டைப் பிளவு சோதனையும் சொல்லப்படும்: யாரும் பார்க்காதபோது எலெக்ட்ரான் அலையாக இரண்டு பிளவுகளிலும் செல்கிறது, பார்த்தவுடன் துகளாகிவிடுகிறது, எனவே மனமே பொருளைப் படைக்கிறது என்று. சோதனை உண்மைதான். 1989-இல் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுராவின் குழு, இரட்டைப் பிளவுக்கு நிகரான ஓர் அமைப்பில் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தவை, ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அலைக்கே உரிய வரிவரியான கோலமாகத் திரண்டன. எலெக்ட்ரான் எந்த வழியில் சென்றது என்று அறிய முயன்றால் அந்த வரிகள் மறைந்துவிடும் என்பதிலும் பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவில்தான் தவறு இருக்கிறது. வரிகளை அழிப்பது மனமா, வேறொன்றா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். விடை மனத்துக்குச் சாதகமாக வரவில்லை.

2004-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஆர்ன்ட், ஆன்டன் சைலிங்கர் ஆகியோரின் குழு வெளியிட்ட சோதனையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். அவர்கள் எடுத்துக்கொண்டது எலெக்ட்ரான் அல்ல, 70 கார்பன் அணுக்கள் கூண்டாகப் பின்னிக்கொண்ட ஃபுல்லரீன் என்னும் பெரிய மூலக்கூறு. ஆவியாக்கப்பட்ட மூலக்கூறுகள் காற்று நீக்கிய கலத்துக்குள் பறந்து, மிக நுண்ணிய கீற்றணிகள் மூன்றைக் கடந்தன. இவ்வளவு பெரிய மூலக்கூறும் அலைபோல நடந்துகொண்டு வரிகளைத் தந்தது. பிறகு, கீற்றணிகளுக்குள் நுழையும் முன்பே மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றினார்கள். லேசரின் திறனைக் கூட்டக் கூட்ட வரிகள் மங்கின. வெப்பநிலை 3000 கெல்வினை நெருங்கியபோது மறைந்தே போயின. உலையில் பழுத்த இரும்பைப் போல, சூடான மூலக்கூறும் ஒளியை உமிழ்கிறது. அப்படி வெளியேறும் ஃபோட்டான், மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தகவலையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அந்த ஃபோட்டான்களை யாரும் பிடிக்கவில்லை, எண்ணவில்லை, பார்க்கவில்லை. அவை கலத்தின் சுவரில் மோதி முடிந்துபோயின. ஆனாலும் வரிகள் அழிந்தன, அதுவும் கோட்பாடு கணக்கிட்டுச் சொன்ன அளவிலேயே. அதற்கு முந்தைய ஆண்டு, கலத்துக்குள் சிறிதளவு வாயுவைச் செலுத்தியபோதும் இதுவேதான் நடந்தது. வாயுவின் அழுத்தம் ஏற ஏற வரிகள் தேய்ந்தன. ஒரு துகள் எந்த வழியில் சென்றது என்ற தடம் சுற்றுச்சூழலில் பதிந்துவிட்டால் போதும், அதன் அலைத்தன்மை நம் கண்ணுக்குக் கிடைக்காது. இயற்பியலாளர்கள் டிகோஹிரன்ஸ் என்று அழைப்பது இதைத்தான்.

இதற்கு ஒரு கூர்மையான மறுப்பு உண்டு. சுவரும் கருவியும் வரைபடமும் அணுக்களால் ஆனவைதானே, அவையும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டவைதானே, கடைசியில் ஒரு விஞ்ஞானி படித்து அறியும்போதுதானே முடிவு உறுதியாகிறது என்று கேட்கலாம். இது அறியாமையில் எழும் கேள்வி அல்ல. அளப்பவருக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் நடுவே கோட்டை எங்கே போட்டாலும் கணக்கு மாறாது என்று 1932-இலேயே ஜான் வான் நாய்மன் காட்டினார். யூஜின் விக்னர் 1961-இல் அந்தக் கோட்டை மனத்தின் வாசல்வரை கொண்டுபோய், பல சாத்தியங்களை ஒருசேரக் குறிக்கும் அலைச்சார்பை ஒரே விடையாகச் சுருக்குவது பிரக்ஞைதான் என்று வாதிட்டார். இதை வியன்னா சோதனையோடு பொருத்திப் பாருங்கள். சூடேற்றாத மூலக்கூறின் வரைபடத்தையும் சூடேற்றிய மூலக்கூறின் வரைபடத்தையும் படித்தது அதே மனிதர்கள். ஒன்றில் வரிகள் இருந்தன, மற்றதில் இல்லை. மாறியது வெப்பம் மட்டுமே. அதன் பிறகும் மனமே இறுதித் தீர்ப்பு வழங்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அப்படிச் சொல்வதால் எந்தச் சோதனையிலும் ஓர் எண்கூட மாறப்போவதில்லை. பெரிய பொருட்களைச் சூழலிலிருந்து பிரித்துவைக்கவே முடியாது என்று 1970-இல் ஹைன்ஸ் டீட்டர் ட்ஸே எடுத்துக்காட்டிய வாதத்தை ஏற்று, விக்னரே பின்னாளில் தம் நிலைப்பாட்டைக் கைவிட்டார். மேடைகளில் 1961-இன் விக்னர் இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறார், பிந்தைய விக்னரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மனிதன் மட்டுமல்ல, எந்த உயிரும் பார்த்திராத காலத்துக்கும் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைக்கும் சிர்கான் படிகங்களில் மிகப் பழையவை ஏறத்தாழ 440 கோடி ஆண்டு வயதுடையவை. அவற்றினுள் சிக்கிய யுரேனியம் சிதைந்து ஈயமாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு சிதைவும் முழுக்க முழுக்க ஒரு குவாண்டம் நிகழ்வு. அது எப்போது நடக்கும் என்பதை நிகழ்தகவாக மட்டுமே சொல்ல முடியும். பார்வையாளர் எவருமின்றி அந்த நிகழ்வுகள் ஒவ்வொன்றாக நடந்து முடிந்து, ஈயமாகக் கணக்கும் எழுதிவைத்திருக்கின்றன. ஒரு செல் உயிர் தோன்றும்வரை பிரபஞ்சத்தின் அலைச்சார்பு காத்திருந்ததா, இல்லை முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் வரும்வரையா என்று இயற்பியலாளர் ஜான் பெல் 1990-இல் எழுப்பிய கேள்விக்கு, மனமே படைக்கிறது என்போர் இன்றுவரை நேரான பதில் சொல்லவில்லை.

இதனால் குவாண்டம் இயற்பியலின் அடிப்படைப் புதிர் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பல சாத்தியங்கள் இருக்க, நமக்குக் கிடைக்கும் விடை மட்டும் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதை டிகோஹிரன்ஸ் விளக்காது. பெல் 1964-இல் வகுத்த சமனின்மையைச் சோதித்துப் பார்த்த ஜான் கிளவுசர், அலன் ஆஸ்பே, சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. துகள்கள் தத்தம் பண்புகளை முன்கூட்டியே சுமந்துகொண்டு, தொலைவில் நடப்பதால் பாதிக்கப்படாமல் இருக்கின்றன என்ற பழைய படம் அந்தச் சோதனைகளில் உடைந்துவிட்டது. நிஜம் நாம் நினைத்ததைவிட விசித்திரமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விசித்திரத்தை விளக்க முன்வைக்கப்பட்ட கோட்பாடுகளைப் பாருங்கள். 1952-இல் டேவிட் போம், 1957-இல் ஹியூ எவரெட், 1986-இல் இத்தாலியின் கிரார்டி, ரிமினி, வெபர் ஆகியோர் முன்வைத்த மூன்றும் ஒன்றோடொன்று சிறிதும் ஒத்துப்போகாதவை. மனத்துக்குத் தனி அதிகாரம் தேவையில்லை என்பதில் மட்டும் மூன்றும் ஒன்றுபடுகின்றன. புதிர் திறந்திருக்கிறது என்பதற்காக, வந்து நிற்கும் எந்த விடையையும் உள்ளே விட்டுவிட முடியாது.

மனத்தையும் குவாண்டத்தையும் இணைக்கும் முயற்சி எல்லாமே வெற்றுப் பேச்சு என்றும் ஒதுக்கிவிடக் கூடாது. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989-இல் வெளியிட்ட நூலில், கணித உண்மைகளை மனிதன் உணரும் விதம் எந்தக் கணிப்பொறியாலும் இயலாதது என்று கர்ட் கோடலின் தேற்றத்தை வைத்து வாதிட்டார். பின்னர் அரிசோனாவின் மயக்க மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபுடன் சேர்ந்து, நரம்புச் செல்களுக்குள் இருக்கும் 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழாய்களில் குவாண்டம் நிலைகள் உருவாகி, ஈர்ப்பு விசையால் சுருங்கும்போது பிரக்ஞையின் கணங்கள் பிறக்கின்றன என்ற கோட்பாட்டை முன்வைத்தார். மேடைப் பேச்சு சொல்வதற்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். இங்கே மனம் பொருளைச் சுருக்குவதில்லை. பொருள் தன் விதிப்படி சுருங்குகிறது, அதன் விளைவாகவே மனம் தோன்றுகிறது. இந்தக் கோட்பாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இது தோற்கக்கூடியது. 37 டிகிரி வெப்பமும் ஈரமும் நிறைந்த மூளைக்குள் அத்தகைய நிலைகள் அதிகம் போனால் ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துணுக்கைவிடக் குறைந்த நேரமே நீடிக்கும், நரம்புகளோ மில்லிவினாடிக் கணக்கில் இயங்குபவை என்று 2000-இல் மாக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். ஹாமராஃப் தரப்பு வேறு அனுமானங்களோடு மறுகணக்குப் போட்டு எதிர்வாதம் செய்தது. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே, ஜெர்மானியம் உணர்கருவி ஒன்றை வைத்து, ஈர்ப்புச் சுருக்கம் நடந்தால் வெளிப்பட வேண்டிய கதிர்வீச்சைத் தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அந்தக் கோட்பாட்டின் மிக எளிய வடிவம் செல்லாது என்று 2020-இல் முடிவு வெளியானது. தம்முடைய வடிவத்தில் அந்தக் கதிர்வீச்சே வராது என்கிறார் பென்ரோஸ். வழக்கு முடியவில்லை, ஆனால் அது ஒழுங்காக நடக்கிறது.

2024-இல் வெளியான ஓர் எலி ஆய்வை இந்தக் கோட்பாட்டின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். நுண்குழாய்களை உறுதிப்படுத்தும் மருந்து கொடுக்கப்பட்ட எலிகள், மயக்க வாயுவில் நினைவிழக்க வழக்கத்தைவிட ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகமான நேரம் எடுத்துக்கொண்டன. ஆர்வமூட்டும் முடிவுதான். நரம்புச் செல்லின் சட்டகமும் சரக்குப் பாதையும் அந்த நுண்குழாய்களே. அவற்றை மாற்றினால் மயக்கம் மாறுவதற்குக் குவாண்டம் தேவையில்லை. தாவரங்களின் ஒளிச்சேர்க்கையிலும் வலசைப் பறவைகளின் திசையறிவிலும் குவாண்டம் விளைவுகள் இருக்கும்போது மூளையில் ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்விக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். 2007-இல் ஒளிச்சேர்க்கைப் புரதத்தில் நீண்ட நேரம் நீடிக்கும் குவாண்டம் நிலை கண்டதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. 2020-க்குள் அந்தத் துறையினரே, அது முதலில் நினைத்ததைவிட மிகக் குறுகிய நேரமே நீடிக்கிறது, ஆற்றல் கடத்தலில் அதற்குப் பெரிய பங்கில்லை என்று திருத்திக்கொண்டார்கள். பறவையின் திசையறிவில் குவாண்டம் வேலை செய்வது உறுதியானாலும், பறவை உலகைப் படைக்கிறது என்று ஆகாது.

பிரக்ஞை என்றால் என்ன என்பது இன்னும் விளங்காத பெரும் கேள்வி. அதை எளிதில் கடந்துவிட முடியாது. ஆனால் குவாண்டமும் புரியவில்லை, மனமும் புரியவில்லை, எனவே இரண்டும் ஒன்று என்பது விளக்கமே ஆகாது. மனம் பற்றிய ஆய்வு தன் சொந்தக் காலில் நடந்துகொண்டிருக்கிறது. பிரக்ஞை குறித்த இரு முன்னணிக் கோட்பாடுகளின் தரப்பினர், தங்கள் கணிப்புகளை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, 256 பேரிடம் கூட்டாகச் சோதனை நடத்தினார்கள். 2025-இல் வெளியான முடிவில் இரண்டு தரப்பின் முக்கியக் கணிப்புகளிலும் சில பொய்த்தன. இருவரும் அதை வெளிப்படையாகவே வெளியிட்டார்கள்.

வேதாந்தத்தை இயற்பியல் உறுதிப்படுத்திவிட்டது, ஷ்ரோடிங்கரே சொல்லியிருக்கிறார் என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் வாதம். எர்வின் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்தான். ஆனால் வேதாந்தம் பற்றிய தம் கட்டுரையை அவர் 1925-இல், அலைச் சமன்பாட்டைக் கண்டடையும் முன்பே எழுதிவிட்டார். சமன்பாட்டிலிருந்து வேதாந்தத்தை அவர் வருவிக்கவில்லை. இயற்பியலோடு தத்துவத்தை முடிச்சுப்போடுவதில் உள்ள ஆபத்துக்கு ஃபிரிட்ஜாஃப் காப்ரா நல்ல உதாரணம். 1975-இல் வெளிவந்த ‘தி தாவோ ஆஃப் ஃபிசிக்ஸ்’ நூலில், அடிப்படைத் துகள் என்று எதுவுமில்லை என்ற ஜெஃப்ரி சியூவின் கோட்பாட்டைக் கீழைத் தத்துவங்களின் சான்றாகக் காட்டினார். அதே ஆண்டுகளில் குவார்க் கோட்பாடு வென்று, சியூவின் கோட்பாடு ஓரங்கட்டப்பட்டது. இந்தியா 2004-இல் வழங்கிய நடராசர் சிலை, காப்ராவின் வரிகள் பொறித்த பலகையோடு, செர்ன் ஆய்வகத்தில் நிற்கிறது. அங்கேயே குவார்க்குகளாலான புரோட்டான்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். சியூ தோற்றதால் ஆடல்வல்லான் தோற்கவில்லை. சோழர் காலத்துச் சிற்பி எந்தத் துகள் கோட்பாட்டையும் நம்பி அந்த வடிவத்தை வெண்கலத்தில் வார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதத்தை, பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்னும் சைவ சித்தாந்தம் ஏற்பதில்லை. குவாண்டம் ஒன்றை நிரூபித்தால் மற்றது பொய்யாக வேண்டும். அந்தச் சங்கடத்தை எந்த மேடையும் எடுப்பதில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், எதிர்த்தரப்பு ஒவ்வொன்றின் வாதத்தையும் முதலில் எடுத்துவைத்த பிறகே மறுக்கிறார். கடன்வாங்கிய அறிவியல் பெயரை நம்பாமல் வாதத்தையே நம்பிய மரபு அது. அந்த மரபின் வாரிசுகள் அரைகுறை இயற்பியலிடம் சான்றிதழ் கேட்டு நிற்பது எனக்கு வேதனை தருகிறது.

பேச்சு பேச்சோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் ஓர் உலோகக் குச்சியைப் பிடித்தால் ஓரிரு நிமிடங்களில் கல்லீரல் முதல் எலும்பு வரை அறிக்கை தரும் ‘குவாண்டம் அனலைசர்’ இங்கே விற்பனையாகிறது. நம்பியவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். உடலைக் காக்கும் ஆற்றல் கொண்டவை என்று விற்கப்பட்ட பதக்கம், கைவளை போன்ற பத்துப் பொருட்கள் உண்மையில் கதிரியக்கம் வெளியிடுவதாக 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. குவாண்டத்தின் பெயரால் உங்களிடம் ஒன்றைச் சொல்பவரிடமோ விற்பவரிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சோதனையில் என்ன முடிவு வந்தால் நீங்கள் சொல்வது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? பென்ரோஸ் கோட்பாட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மலையின் அடியில் கருவி வைக்க முடிந்தது. உங்கள் முன் நிற்பவரிடம் பதில் இல்லையென்றால், பணத்தையும் உடம்பையும் அவரிடம் ஒப்படைக்காதீர்கள்.