சீனிக் கரண்டி நம் கையில் இருக்கட்டும்

வெயிலில் களைத்து வீடு திரும்பியதும் நம்மில் பலர் தேடுவது குளிர்ந்த சோடாப் போத்தலைத்தான். நோன்பு திறக்கும் வேளையிலும், விருந்தில் சஹனுக்குப் பக்கத்திலும் அதே போத்தல்தான். இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

இலங்கையில் 2016 முதல் இனிப்பூட்டிய மென்பானங்களில் வர்ணக் குறியீடு இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். அதற்கும் குறைந்தால் பச்சை. செம்மஞ்சளைக் கண்டதும், "சிவப்பு இல்லையே" என்று ஆறுதல் அடைகிறோம். ஆனால் 100 மில்லிலீற்றரில் 9 கிராம் சீனி உள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 36 கிராம், ஏறத்தாழ 9 தேக்கரண்டிச் சீனி உடலில் சேர்கிறது. ஒரு கோப்பைத் தேநீரில் 9 கரண்டி சீனி போட எந்த உம்மா சம்மதிப்பார்? நாளொன்றுக்கு 25 கிராமளவுக்குக் குறைப்பது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

மாற்று வழி நம் குசினியிலேயே இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு கைப்பிடி காய்ந்த ஆவாரம்பூ அல்லது பெலிமல் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். வடித்து நன்றாக ஆறவிடுங்கள். பின்னர் இரண்டு கொடித்தோடம் பழங்களின் சாறு, அரைத் தேசிக்காயின் புளி, சில புதினா இலைகள், இரண்டு தேக்கரண்டி சீனி சேர்த்துக் குளிரூட்டுங்கள். சூட்டிலேயே பழச்சாற்றைச் சேர்த்தால் மணமும் விற்றமின் சீயும் குறையும். ஐந்து பேருக்குப் போதும். ஒருவருக்குச் சேரும் சீனி அரைக் கரண்டிகூட இல்லை. அன்றைக்கே குடித்து முடிப்பது நல்லது.

"வீட்டில் செய்தது, மூலிகை போட்டது" என்று சொல்லிச் சீனியை அள்ளிக் கொட்டினால் அதுவும் சோடாதான். தேனும் கருப்பட்டியும் இதற்கு விலக்கல்ல. இது மருந்தும் அல்ல. நீரிழிவுக்கு மருந்தெடுப்போரும் கர்ப்பிணிகளும் மூலிகையைப் பழக்கமாக்குமுன் வைத்தியரைக் கேட்கட்டும்.

"சோடா வாங்குவது இலேசு, இதற்கு நேரம் ஏது?" எனலாம். பிளேன்டீ ஊற்றும் நேரம்தான் இதற்கும். முதல் நாள் இரவே செய்து வைத்தால் காலையில் பாடசாலைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வரலாம்.

பெற்றோரே, அடுத்த விருந்தில் ஒரு ஜக் இதையும் வையுங்கள். தோழியரே, அதைச் செய்யும் பொறுப்பை நாம் எடுப்போம். நாளை நம்மைச் சீனி வருத்தம் தேடி வராதிருக்க, இன்றே கரண்டியை நம் கையில் எடுப்போம்.