உங்கள் சென்சாரில் 150, ஐபியூ ‘மிதமானம்’: புகைமூட்டத்தின்போது எதை நம்புவது?

நீங்களே கட்டிய காற்றுத்தர சென்சார் மாலை 6 மணிக்கு 150 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் சுற்றுச்சூழல் துறையின் பக்கத்தைத் திறந்தால், செபராங் ஜெயா நிலையத்தின் ஐபியூ, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, இன்னும் ‘மிதமான’ நிலையிலேயே இருக்கிறது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "உண்மையை மறைக்கிறாங்க" என்று ஒருவர், "உன் சென்சார் கெட்டுப்போச்சு" என்று இன்னொருவர்.

பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. இரண்டு எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

இது வெறும் தொழில்நுட்ப விவாதம் இல்லை. 2019 செப்டம்பர் புகைமூட்டத்தின்போது பினாங்கு உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆஸ்துமா உள்ள தம்பி இன்று திடலுக்குப் போகலாமா என்ற முடிவு, நீங்கள் எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஐபியூ எதைச் சொல்கிறது?

2018 முதல் மலேசியாவின் ஐபியூ கணக்கில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் அது அந்த நிமிடத்து அளவு அல்ல, கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற அந்தச் சராசரியை ஒரு குறியீட்டு எண்ணாக மாற்றித்தான் வெளியிடுகிறார்கள். உங்கள் சென்சார் காட்டுவதோ நேரடி மைக்ரோகிராம். அலகே வேறு!

ஒரு சின்ன கணக்கு. 20 மணி நேரம் காற்றில் 20 மைக்ரோகிராம், கடைசி 4 மணி நேரம் 150. சராசரி எவ்வளவு? சுமார் 42தான். வெளியே தொண்டை எரிந்தாலும், சராசரி மெதுவாகத்தான் ஏறும். புகை கலைந்த பிறகு மெதுவாகத்தான் இறங்கும்.

சென்சார் எங்கே தடுமாறுகிறது?

பிஎம்எஸ்5003 போன்ற மலிவான சென்சார்கள் துகளை எடை போடுவதில்லை. சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை வைத்துத்தான் எடையை ஊகிக்கிறது.

நம் ஊரில் இதற்குப் பெரிய எதிரி ஈரப்பதம். துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும், ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். விடியற்காலையிலும் மழைக்குப் பிறகும் எண் தாறுமாறாக ஏறுவது இதனால்தான்.

இதே வகை சென்சார்களைப் பயன்படுத்தும் பர்ப்பிள்ஏர் கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்தபோது, அவை பிஎம் 2.5 அளவை ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. அவற்றை அது ஒதுக்கித் தள்ளவில்லை. ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு திருத்தச் சூத்திரத்தை உருவாக்கி, 2020 முதல் தன் காட்டுத்தீ புகை வரைபடத்தில் அந்தத் தரவைச் சேர்த்துக்கொண்டது. அதாவது, மலிவான சென்சார் பயனற்றது அல்ல. திருத்தப்படாத எண்தான் ஆபத்து.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

• ஈரப்பதத்தையும் அளங்கள். பிஎம்இ280 போன்ற ஒரு சென்சாரைப் பக்கத்திலேயே வையுங்கள்.

• மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். பிஎம்எஸ்5003இன் விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும். ஆனால் அதன் தரவுக் கம்பிகள் 3.3 வோல்ட். ஈஎஸ்பி32 பலகைக்கு இது நேரடியாகப் பொருந்தும். புக்கிட் மெர்தாஜாமில் இயங்கும் சைட்ரோன் நிறுவனத்தின் மேக்கர் ஊனோ போன்ற 5 வோல்ட் பலகை என்றால், பலகையிலிருந்து சென்சாருக்குப் போகும் கம்பியில் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

• விசிறி ஓடத் தொடங்கிய முதல் 30 வினாடி அளவை விட்டுவிடுங்கள்.

• ஒரு மணி நேரச் சராசரி, 24 மணி நேரச் சராசரி இரண்டையும் திரையில் காட்டுங்கள்.

• சமையலறை, சாமி மேடை பக்கம் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் சென்சாருக்குப் புகைமூட்டம்தான்.

• நீங்கள் செபராங் ஜெயாவில் இருந்தால் அங்குள்ள நிலையத்தோடும், தீவில் இருந்தால் அருகிலுள்ள நிலையத்தோடும் சில வாரங்கள் ஒப்பிடுங்கள். எண் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே போக்கில் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

எதற்கு எதை நம்புவது?

பள்ளி மூடுவது, வெளிப்புற நிகழ்ச்சியை ரத்து செய்வது போன்ற பொது முடிவுகளுக்கு ஐபியூதான் அடிப்படை. சன்னலை இப்போது சாத்தணுமா, முகக்கவசம் போடணுமா என்பதற்கு உங்கள் சென்சாரின் ஒரு மணி நேரச் சராசரி உதவும். 24 மணி நேரச் சராசரிக்கு மலேசியத் தரநிலை 35 மைக்ரோகிராம். உலகச் சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டி அளவு 15. மேலே பார்த்த கணக்கில் வந்த 42, இரண்டையுமே தாண்டிவிட்டது. ஆகவே ‘மிதமானம்’ என்றால் கவலையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பகிர்வதாக இருந்தால் வெறும் எண்ணை அனுப்பாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி நேரச் சராசரி, ஈரப்பதம் எவ்வளவு என்று சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று: புகை வந்த பிறகு கட்டினால், உங்கள் சென்சாருக்கு நல்ல காற்று எப்படி இருக்கும் என்றே தெரியாது. வானம் தெளிவாக இருக்கும் மாதங்களிலேயே கட்டி ஓடவிடுங்கள்.