லொறி கையில், உரிமை யார் கையில்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் சரக்கு வாகனங்களுக்கும் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. எத்தனை கார் வந்தது, திறைசேரிக்கு எவ்வளவு வரி சேர்ந்தது, டொலர் கையிருப்பு தாங்குமா என்றெல்லாம் பொருளாதார நிபுணர்கள் பேசுகிறார்கள். வன்னியில் ஒரு விவசாயியோ, வடமராட்சியில் ஒரு மீன் வியாபாரியோ அந்த விவாதத்தில் எங்குமே இல்லை. அவர்கள் வாங்குவது கப்பலில் வந்திறங்கும் புதிய வாகனத்தை அல்ல. ஏற்கனவே பதினைந்து, இருபது வருடம் இந்த நாட்டின் தெருக்களில் ஓடித் தேய்ந்த லொறியைத்தான்.

கடந்த சில மாதங்களாக வட்டக்கச்சியில் இருக்கும் என் அத்தானுக்காக அப்படி ஒரு லொறியைத் தேடி அலைந்தேன். கிளிநொச்சி, பரந்தன், சாவகச்சேரி, நெல்லியடி, வவுனியா என்று பார்த்த வாகனங்கள் பதினொன்று. வாங்கியது ஒன்றுமில்லை. இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டது வாகனங்களைப் பற்றி மட்டுமல்ல. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் மக்களால் ஒரு பொருளைத் தங்கள் பெயரில் முழுமையாகச் சொந்தமாக்கிக்கொள்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதும்தான்.

ஏன் ஒரு லொறி?

அத்தான் கத்தரி, பயற்றை, பப்பாசி செய்கிறார். வாகனம் இல்லாத விவசாயிக்கு இரண்டு வழிதான் உண்டு. தோட்டத்து வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுப்பது ஒன்று. மற்றது, வாடகைக்கு ஒரு பட்டாவைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுபோவது. சந்தையிலும் 'கழிவு' என்று பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிக்கப்படுவதாக வடக்கு விவசாயிகள் நீண்டகாலமாகவே முறையிட்டு வருகிறார்கள். வாகன வாடகையும் கழிவும் போனபின் மிஞ்சுவது பல நாட்களில் கூலிக்கே காணாது. சொந்த லொறி இருந்தால் இன்று மருதனார்மடத்தில் விலை இல்லையென்றால் நாளை தம்புள்ளைக்குப் போகலாம். விலையைத் தீர்மானிக்கும் பலம் முழுவதும் வராவிட்டாலும், விலை சரியில்லை என்று சொல்லித் திரும்பி வரும் பலமாவது வரும்.

அவரிடம் முன்பு ஒரு உழவு இயந்திரம் இருந்தது. 2009இல் வட்டக்கச்சியிலிருந்து விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று குடும்பத்தை ஏற்றி இழுத்துக்கொண்டு போனது அதுதான். இரணைப்பாலையில் டீசலும் இல்லை, பாதையும் இல்லை. விட்டுவிட்டு நடந்தார். செட்டிக்குளம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு அதைத் தேடிப் போகக்கூட முடியவில்லை. வாகனப் புத்தகமும் பதுங்குகுழியோடு போய்விட்டது. அவரைப்போல எத்தனையோ பேரின் மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததையும், பின்னர் பழைய இரும்பாக ஏற்றப்பட்டதையும் நாம் கண்டோம். 'இது என்னுடையது' என்று சொல்லப் பத்திரம் தேவைப்பட்டது. பத்திரம் இருந்தவர்கள் சிலரே.

விலை ஏன் இறங்கவில்லை?

இறக்குமதி திறந்தால் பழைய வாகனங்களின் விலை விழும் என்று பலரும் காத்திருந்தார்கள். அத்தானும் காத்திருந்தார். கணக்கு அப்படி வேலை செய்யவில்லை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை போய், பிறகு இறங்கி 300 ரூபாவை ஒட்டி நின்றது. யப்பானில் ஒரு லொறியின் விலை மாறாவிட்டாலும் நமக்கு அது ஒன்றரை மடங்கு. 2020இல் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதற்கு முன்னர் சுங்கத் தீர்வையும் மேலதிகக் கட்டணமும் கலால் வரியும் ஏறிவிடுகின்றன. புதிதாக வரும் வாகனத்தின் விலை உயரத்தில் நின்றால் பழையது அதன் நிழலில் நின்றுகொள்ளும்.

ஐந்து வருடம் புதிய வாகனம் வராத நாட்டில், ஓடிக்கொண்டிருந்தவை மேலும் ஐந்து வருடம் தேய்ந்தன. அதாவது, நாங்கள் கூடிய விலை கொடுத்து வாங்குவது முன்பைவிடப் பழுதான வாகனத்தை.

விற்பவர்கள் சொல்லும் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. "தம்பி, இது பிஸ்கட் கொம்பனியில ஓடினது. பாரமே ஏத்தாத வண்டி" என்று ஒரு தரகர் சத்தியம் பண்ணினார். பின் தட்டியைத் திறந்தால் மூலைகளில் கடற்கரை மணல். பின் வில்லுகளுக்கு மேலதிகத் தகடு போட்டிருந்தது. பாரம் ஏற்றாத வண்டிக்கு அது எதற்கு? இன்னொன்றில் புதுப் பச்சை வர்ணத்துக்கு அடியில் தட்டு முழுவதும் உப்புத் துரு. ஐஸ் தண்ணீர் ஒழுகிய மீன் லொறி அது. மீற்றரில் ஓடிய கிலோமீற்றரோ ஒரு புது மாப்பிள்ளையின் காருக்குரியது.

'ஓப்பின் பேப்பர்' என்ற பழக்கம்

பழுதைக் கண்டுபிடிக்கலாம். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் இயந்திரத்தின் கதை அரை மணித்தியாலத்தில் வெளியே வரும். பத்திரத்தின் கதை அப்படி வராது.

நாங்கள் பார்த்த பதினொன்றில் ஆறு வாகனங்கள் 'ஓப்பின் பேப்பரில்' இருந்தன. புத்தகத்தில் பெயர் இருப்பவர் உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குபவரின் பெயர், திகதி எல்லாம் வெறுமையாக இருக்கும். அந்தத் தாள்களோடு வாகனம் கைமாறிக் கைமாறி ஓடும். சட்டப்படி கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் மூன்றாவது, நான்காவது ஆளிடம் வந்த பிறகும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர்தான்.

ஏன் மக்கள் இதை ஏற்கிறார்கள்? மாற்றக் கட்டணம், கொழும்புக்கு அலையும் செலவு, விளங்காத மொழியில் அலுவலகங்களை எதிர்கொள்ளும் தயக்கம், உடனே விற்றுவிட்டுப் போகும் வசதி. "எல்லாரும் இப்பிடித்தானே ஓடுறாங்கள்" என்பதே எல்லாக் கேள்விக்கும் பதில். ஆனால் நெருக்கடி வரும்போது இந்தப் பழக்கத்தின் விலை தெரியும். 2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர் முறை வந்தபோது, வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. பழைய உரிமையாளர் முந்திப் பதிந்துவிட்ட வாகனங்களை வைத்திருந்தவர்கள், லொறி வாசலில் நிற்க, எரிபொருள் பெற முடியாமல் தவித்தார்கள்.

வன்னியில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. அனுமதிப்பத்திரம் இன்றி மணலோ மரமோ ஏற்றிப் பிடிபட்ட லொறி, வழக்கு முடியும்வரை பிணைமுறியில் விடுவிக்கப்பட்டிருக்கும். அதை விற்க முடியாது. ஆனால் தாள்களில் கையெழுத்து இருந்தால் சந்தைக்கு வந்துவிடும். வாங்கியவர் ஒருநாள் நீதிமன்றப் படியேறும்போதுதான் விடயம் தெரியவரும். வழக்கில் பறிமுதல் தீர்ப்பு வந்தால் கொடுத்த இலட்சங்கள் மணலோடு போன மாதிரித்தான்.

மாதம் அறுபதாயிரம்

கையில் முழுப்பணம் இல்லாதவர்களுக்கு லீசிங். ஏ9 பாதை திறந்த பிறகு எங்கள் நகரங்களில் பாடசாலைக் கட்டடங்களைவிட வேகமாக எழுந்தவை லீசிங் கொம்பனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். லீசிங் தொகை 20 இலட்சம், மாதம் 60,000 ரூபா, 48 மாதம் என்று வையுங்கள். மொத்தம் கட்டுவது 28 இலட்சத்து 80 ஆயிரம். மேலதிகமாக 8 இலட்சத்து 80 ஆயிரம். இதை நான்கால் பிரித்து, "வருசத்துக்குப் பதினொரு வீதம்தான் அண்ணை" என்பார்கள். ஆனால் நீங்கள் ஒவ்வொரு மாதமும் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். நான்காவது வருடத்தில் உங்கள் கையில் இருக்கும் கடன் 20 இலட்சம் அல்ல. குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 19 வீதத்துக்கும் மேல். இரண்டு எண்களும் ஒரே கடனுக்குரியவை. எங்களுக்குச் சொல்லப்படுவது சிறிய எண்.

வாகனப் புத்தகத்தில் இரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். நீங்கள் 'பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர்'. கொம்பனி 'முழுமையான உரிமையாளர்'. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் கடைசித் தவணை வரை நீங்கள் குத்தகைக்காரர் மட்டுமே. மழை பிழைத்து ஒரு போகம் போனால், தவணை பிந்தினால், லொறியை இழுத்துக்கொண்டு போக ஆட்கள் வருவார்கள். லொறி போனால் தோட்டத்து வருமானமும் போகும். கடன் மட்டும் மிஞ்சும். 2018இல் நுண்கடனில் மூழ்கிய பெண்களுக்காக அரசாங்கம் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை இரத்துச்செய்யும் நிலை வந்ததை மறந்துவிடக்கூடாது. அந்தக் கடன்களின் அண்ணன்தான் இது.

ஒரு நிறுவனத்தில் அத்தானுக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தது. "தமிழில இல்லையோ?" என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கிறேல்ல" என்றார் அங்கிருந்த தமிழ்ப் பிள்ளை. பொய் சொல்லவில்லை. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த உரிமைக்காகப் போராடிய ஒரு சமூகம், தன் வீட்டையும் தோட்டத்தையும் பிணைவைக்கும் தாளில் மொழியைக் கேட்காமல் கையெழுத்து வைக்கப் பழகிவிட்டது. 1957இல் இதே வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்தபோது எங்கள் ஊர்களில் போராட்டம் வெடித்தது. தகட்டில் இருந்த எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஒப்பந்தத்தில் இருக்கும் எழுத்து அலுமாரிக்குள் இருக்கிறது.

கையெழுத்திட வேண்டியவர் இல்லை

பார்த்தவற்றில் நல்ல லொறி ஒன்று இருந்தது. வடமராட்சியில் ஒரு வீட்டு வளவில், வேப்பமரத்தின் கீழ் நின்றது. இயந்திரம் திறமான நிலையில் இருந்தது. மெக்கானிக் முதல்முறையாகத் தலையை ஆட்டினார். புத்தகமும் வீட்டில்தான் இருந்தது. புத்தகத்தில் பெயர் இருந்தவர்தான் இல்லை. 2007இல் வீட்டிலிருந்து கடைக்குப் போனவர்.

அந்த அம்மா பேசிய விலையில் வஞ்சகம் இல்லை. மகளின் படிப்புக்குக் காசு வேண்டும் என்றார். உரிமையை மாற்ற வேண்டுமென்றால் கணவரின் கையெழுத்து வேண்டும், அல்லது அவரின் மரணச் சான்றிதழ் வேண்டும். "லொறிய விக்கிறதுக்காக அவர் செத்திட்டார் எண்டு நான் எழுதிக் குடுக்கவோ?" என்று கேட்டார். அதற்கு மேல் அத்தானும் விலை பேசவில்லை.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. காணாமல்போனோர் அலுவலகம் இருக்கிறது. இழப்பீடுகளுக்கான அலுவலகமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு தரகருக்கோ, லீசிங் மதிப்பீட்டாளருக்கோ அந்தச் சான்றிதழைக் காட்டி ஒரு லொறியை விற்க முடியும் என்ற நம்பிக்கை அந்த அம்மாவுக்கு இல்லை. வாங்குபவருக்கும் இல்லை. நீதி கேட்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பற்றிப் பேசும்போது, அவர்களின் வளவுகளில் இப்படி விற்கவும் ஓட்டவும் முடியாமல் நிற்கும் பொருட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

வாங்குபவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, முழுமையான உரிமையாளராக ஒரு கொம்பனி இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வாகனத்திலேயே தேடி, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் சந்தைக்கு வரக்கூடும். இருக்கைகளுக்கு அடியிலும் வயர்களின் மூட்டுகளிலும் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் பெயர் இருப்பவரை நேரில் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். லீசிங் என்றால் ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். மொத்தமாகக் கட்டும் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வாங்குபவரின் தலையில் கட்டிவிட முடியாது. உரிமை மாற்றத்தை அந்தந்த மாவட்டத்திலேயே, தமிழில், ஒரே நாளில் முடிக்க வழிசெய்தால் 'ஓப்பின் பேப்பரின்' பாதி காரணங்கள் இல்லாமல்போகும். காணாமற்போனமைக்கான சான்றிதழை வைத்து மனைவியோ பிள்ளையோ வாகனத்தைத் தம் பெயருக்கு மாற்றத் தெளிவான ஒரு சுற்றறிக்கை வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் பல குடும்பங்களுக்கு அது மாதாந்த உதவித்தொகையைவிடப் பெரிய உதவி. இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவையில்லை. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரு கேள்வியாவது எழுப்ப வேண்டும்.

போர் எங்களிடமிருந்து பொருளையும் பத்திரத்தையும் சேர்த்தே எடுத்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் கடனாக. பத்திரம் இன்னும் வேறு யாருடைய பெயரிலோதான் இருக்கிறது. அது மாறும்வரை எங்கள் வீதிகளில் ஓடும் வாகனங்களை எண்ணி, வடக்கு மீண்டெழுந்துவிட்டது என்று யாரும் கணக்குக் காட்ட வேண்டாம்.