கிளவுட் தொலைபேசியும் செயற்கை நுண்ணறிவு முகவரும்: சில நிமிட வேலை என்னும் கூற்றுக்கு ஒரு மறுப்பு

ஒரு நிறுவனத்தின் தொலைபேசியோடு செயற்கை நுண்ணறிவு முகவரை இணைப்பது சில நிமிட வேலை என்றும், ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான இடைமுகம்) சாவியை உரிய இடத்தில் ஒட்டி, என்ன பேச வேண்டும் என்பதைச் சில வரிகளில் எழுதிக் கொடுத்துவிட்டால் வரவேற்பு மேசைக்கு ஆளே தேவைப்படாது என்றும் ஒரு கூற்று இன்று பரவலாக நிலவுகிறது. விற்பனை விளக்கங்களில் பிறந்த இக்கூற்றைச் சிறு மருத்துவமனை நடத்துவோரும், பழுதுநீக்கு நிலையம் வைத்திருப்போரும், மென்பொருள் துறையினரில் ஒரு சாராரும் ஆராயாமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டனர். முகவர் என இங்கே குறிப்பிடப்படுவது, பேச்சைக் கேட்டு விடை சொல்வதோடு நில்லாமல், முன்பதிவு நாட்காட்டியைத் திறப்பது, வாடிக்கையாளர் பதிவேட்டைத் தேடுவது போன்ற செயல்களையும் தானே செய்யவல்ல மொழி மாதிரி சார்ந்த மென்பொருள். கிளவுட் தொலைபேசி என்பது, அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த இபிஏபிஎக்ஸ் பெட்டி செய்த வேலையை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள தரவு மையத்தில் செய்து தரும் சேவை. இவ்விரண்டும் இன்று எளிதில் கைகோக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த எளிமையைக் கொண்டு மேற்சொன்ன கூற்றை நிறுவிவிட முடியாது.

இணைப்பு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்னும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இணையத் தொலைபேசியில் ஓர் அழைப்பு இரண்டு இழைகளாகச் செல்கிறது. அழைப்பைத் தொடங்குதல், மாற்றுதல், முடித்தல் ஆகியவற்றை எஸ்.ஐ.பி. என்னும் நெறிமுறை கவனிக்கிறது. 2002இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3261 அதன் அடிப்படை ஆவணம். குரலை ஆர்.டி.பி. என்னும் மற்றொரு நெறிமுறை சிறுசிறு பொட்டலங்களாகச் சுமந்து செல்கிறது. டிவிலியோ போன்ற கிளவுட் தொலைபேசிச் சேவைகள் இக்குரலோட்டத்தை நேரடியாக வெளி மென்பொருளுக்குத் தந்ததும், ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 அக்டோபரில் நேரலைப் பேச்சுக்கான ஏபிஐயை வெளியிட்டு 2025இல் அதற்கு எஸ்.ஐ.பி. வசதியையும் சேர்த்ததும் இணைப்பு வேலையைப் பெருமளவு குறைத்தன. ஆயினும் சாவி என்பது ஒரு மென்பொருளை உள்ளே அனுமதிப்பதற்கான அடையாளம் மட்டுமே. எந்த எண்ணுக்கு வரும் அழைப்பு முகவரிடம் போக வேண்டும், எத்தனை மணியோசைக்குப் பின் போக வேண்டும், ஒரே நேரத்தில் ஐவர் அழைத்தால் என்ன ஆகும், முகவரின் சேவையகம் முடங்கிவிட்டால் அழைப்பு எங்கே திரும்பும் என்பனவற்றில் எதையும் சாவி தீர்மானிப்பதில்லை. குரலோட்டத்தை வெளியே தராத தொலைபேசிச் சேவைகளில் பலர் குறுக்குவழியாக, அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் ஃபார்வர்டு வசதியைப் பயன்படுத்துகின்றனர். அப்போது சில அமைப்புகளில் அழைத்தவரின் எண்ணுக்குப் பதிலாக நிறுவனத்தின் எண்ணே முகவருக்குக் காட்டப்படுகிறது. எண்ணைக் கொண்டு வாடிக்கையாளரைக் கண்டறியும் ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு காரணத்தாலேயே பயனற்றுப் போகிறது.

கணினியில் பேசினால் துல்லியமாகப் புரிந்துகொள்ளும் மாதிரி, தொலைபேசியிலும் அவ்வாறே புரிந்துகொள்ளும் என்பது அடுத்த வாதம். வழக்கமான தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே கடத்துகிறது. 1972இல் வகுக்கப்பட்ட ஜி.711 என்னும் குரல் குறியாக்க முறை, நொடிக்கு 8,000 ஒலி மாதிரிகளை எடுத்து அந்த எல்லைக்குள்ளேயே இன்றளவும் இயங்குகிறது. எஃப், எஸ் ஆகிய எழுத்துகளின் ஒலியைப் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண்கள் இந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பின்னர் மென்பொருளால் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இழந்த ஒலி மீண்டு வருவதில்லை. பொதுவான உரையாடலில் இக்குறையைச் சூழல் ஈடுசெய்துவிடும். பெயர், மின்னஞ்சல் முகவரி, பதிவு எண் ஆகியவற்றில் ஈடுசெய்யச் சூழல் ஏதும் இல்லை. தமிழ்நாட்டில் ஒருவர் தம் கைபேசி எண்ணை ‘தொண்ணூத்தெட்டு, டபுள் ஃபோர், ஜீரோ, ரெண்டு’ என்று இரு மொழிகளையும், இரட்டை இலக்கங்களையும் ஒற்றை இலக்கங்களையும் கலந்து சொல்வது மிக இயல்பானது. பேருந்து நிறுத்தத்தின் இரைச்சலுக்கிடையே அதைச் சொன்னால் நிலைமை இன்னும் கடினமாகும். எண்களை விசைப்பலகையில் அழுத்தச் சொல்வதும், கேட்டதைத் திருப்பிச் சொல்லி ஒப்புதல் பெறுவதும் நல்ல தீர்வுகள்தாம். ஆனால் அழுத்தப்படும் எண்கள் பெரும்பாலும் குரலாகப் போகாமல் தனிச் செய்தியாகச் செல்வதால், முகவர் அவற்றைப் பெறுமாறு தனியே அமைத்தாக வேண்டும். சில நிமிடக் கணக்கில் இந்த வேலை இடம்பெறுவதே இல்லை.

மாதிரிகள் இப்போது வேகமாகிவிட்டன, ஆகவே பேச்சு இயல்பாக அமையும் என்னும் வாதமே அதிகம் நம்பப்படுவது. அதிகம் ஆராயப்பட வேண்டியதும் அதுவே. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையிலான இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, எனக் கண்டது. முகவரோ முதலில் அழைப்பாளர் பேசி முடித்துவிட்டாரா என்பதை அவரது மௌனத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டும். அதன்பின் விடையை உருவாக்கி, ஒலியாக்கி, வலையமைப்பின் வழியே அனுப்ப வேண்டும். இடையில் நாட்காட்டியைத் திறந்து பார்க்க நேர்ந்தால் நொடிகள் கழியும். மௌனத்துக்கான காத்திருப்பைக் குறைத்தால், எண்ணைச் சொல்லும்போது நடுவே மூச்சு வாங்குகிறவரின் பேச்சை முகவர் வெட்டிவிடுகிறது. காத்திருப்பைக் கூட்டினால், இணைப்பு அறுந்துவிட்டதென எண்ணி அவர் ‘ஹலோ, ஹலோ’ என்கிறார். எல்லா அழைப்பாளருக்கும் பொருந்தும் ஒரே அளவு என்று எதுவும் இல்லை. முதியவர்களும் திக்கிப் பேசுகிறவர்களும்தாம் தவறான அளவின் விலையை முதலில் கொடுக்கின்றனர்.

இடைமறிப்பு இதைவிட நுட்பமானது. ஒரு மருத்துவமனையின் முகவர், ‘புதன்கிழமை காலை 10 மணிக்கு இடம் இருக்கிறது, இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும்’ என்று சொல்லத் தொடங்குகிறது எனக் கொள்வோம். பத்து மணி என்றதுமே அழைப்பாளர் ‘சரி சரி, போட்டுடுங்க’ என்று குறுக்கிடுகிறார். முகவர் தன் ஒலியைப் பேச்சின் வேகத்தைவிட விரைவாக உருவாக்கித் தொலைபேசிச் சேவையிடம் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டதால், அங்கே காத்திருக்கும் மீதி ஒலியை அழிக்கச் சொல்லித் தனிக் கட்டளை அனுப்பினால்தான் பேச்சு நிற்கும். அதை அனுப்பிய பின்னும் ஒரு பிழை எஞ்சுகிறது: உரையாடல் பதிவில் முழு வாக்கியமும் சொல்லப்பட்டதாகவே நிற்கிறது. வெறும் வயிறு பற்றி அறிவித்தாயிற்று என்று முகவர் கருதி அதை மீண்டும் சொல்வதில்லை. நோயாளி இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பரிசோதனை செய்துகொள்ளாமலே திரும்புகிறார். அழைப்பாளரின் காதில் உண்மையில் விழுந்த மில்லிநொடி வரை மட்டும் பதிவை வெட்டிச் சீராக்கும் வசதி மேற்சொன்ன நேரலைப் பேச்சு ஏபிஐயில் இருக்கிறது. இணைப்பைச் செய்பவர் அதை அறிந்து பயன்படுத்த வேண்டும். விளக்கக் காட்சிகள் பலவற்றில் எவரும் குறுக்கிட்டுப் பேசுவதில்லையாதலால் இப்பிழை அங்கே வெளிப்படுவதே இல்லை.

முகவரால் முடியாதபோது மனிதரிடம் மாற்றிவிடும் என்பது எல்லா ஐயங்களுக்கும் தரப்படும் பொது விடை. அழைப்பை மாற்றுவதில் இரு வகை உண்டு. எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று பாராமல் தள்ளிவிடுவது ஒரு வகை. முதலில் அவரோடு பேசி, விவரம் சொல்லி, பிறகு இணைப்பது மற்றது. எளிய இணைப்புகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. மாலை ஆறு மணிக்கு அழைப்பு விற்பனைப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே எடுக்க ஆளில்லை. எடுக்கப்படாத அழைப்பு முகவருக்கே திரும்ப வேண்டும் என்று அமைத்திருந்தால், அது புதிய அழைப்பாகக் கருதப்பட்டு, ‘வணக்கம், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?’ என்ற முகமனோடு எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. மனித உதவியின் அளவைக் குறைத்து மதிப்பிடுவதும் இவ்வாதத்தின் குறை. உணவகங்களில் இடம் பதிவு செய்வது போன்றவற்றுக்காக 2018இல் கூகுள் அறிமுகப்படுத்திய டூப்ளெக்ஸ் மிகக் குறுகிய சில பணிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. அப்படியிருந்தும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அழைப்புகளை மனிதர்களே தொடங்கினர் என்றும், இயந்திரம் தொடங்கியவற்றுள் சுமார் 15 விழுக்காட்டில் மனிதர் தலையிட்டனர் என்றும் 2019இல் அந்நிறுவனமே நியூயார்க் டைம்ஸ் இதழிடம் கூறியது. அதன்பின் மாதிரிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. ஆனால் எந்த நேரத்திலும் அழைப்பை எடுக்கக்கூடிய ஓர் ஆளை ஏற்பாடு செய்வது மாதிரியின் வேலையன்று.

பிழை நேர்ந்தால் பொறுப்பு மென்பொருளை விற்றவருடையது என்னும் எண்ணத்துக்கும் ஆதாரமில்லை. ஏர் கனடாவின் இணையதள உரையாடல் மென்பொருள் துக்கப் பயணக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், அதற்கு விமான நிறுவனமே பொறுப்பு எனப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் முடிவு செய்தது. எழுத்தில் சொன்னதற்கு உள்ள பொறுப்பு குரலில் சொன்னதற்கும் உண்டு. அதே மாதத்தில் அமெரிக்காவின் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய குரலும் 1991ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் செயற்கைக் குரலே என அறிவித்தது. ஆகவே முன் ஒப்புதல் இன்றி அத்தகைய குரலில் அழைப்புகள் விடுப்பது அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பாதுகாப்புக் கேள்வியும் இதனோடு சேர்ந்தது. அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் எண் பொருந்துவதை மட்டும் வைத்து ஒருவரின் கணக்கு விவரத்தைச் சொல்லிவிடலாகாது. ‘பிறருக்குத் தகவல் தராதே’ என்று அறிவுறுத்தலில் எழுதி வைப்பதும் போதாது. நயமாகவோ அதட்டியோ பேசி முகவரை இணங்க வைக்கக்கூடும் என்பதால், எதைத் திறக்கலாம் என்ற வரம்பை நாட்காட்டி, பதிவேடு ஆகியவற்றின் பக்கத்திலேயே விதிக்க வேண்டும்.

செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசி நிமிடத்துக்கும் மாதிரியின் பயன்பாட்டுக்கும் தனித்தனியே கட்டணம் ஓடுவதால், முகவர் தடுமாறும் நீண்ட அழைப்பே செலவு மிகுந்த அழைப்பாகிறது என்பதை விலைப்பட்டியலே காட்டிவிடும்.

இத்தனைக்கும் எதிராக முன்வைக்கப்படும் இறுதிச் சான்று, மனிதரிடம் போகாமலே முகவர் முடித்துவைத்த அழைப்புகளின் விழுக்காடு. இந்த அளவீடு அடிப்படையிலேயே பிழையானது. ஏனெனில் தேவை நிறைவேறி வைத்தவரும், சலித்துப்போய் வைத்தவரும் இதில் ஒரே கணக்கில் சேர்கின்றனர். இணையதளத்தில் முடித்துக்கொள்ள முடிந்தவர்களில் பலர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. படிவம் புரியாதவரும், விதிவிலக்கான சிக்கல் உள்ளவரும், அவசரத்தில் இருப்பவருமே அழைப்பாளர்களுள் பெரும் பங்கினர் என்பதால், இத்தகைய கணக்கு அவர்களுக்கு இழைக்கும் அநீதி சிறியதன்று. அதே எண்ணிலிருந்து ஒரு நாளுக்குள் மீண்டும் அழைப்பு வந்ததா, முகவர் உறுதி செய்த பதிவு நாட்காட்டியில் உண்மையில் இருக்கிறதா, மனிதரைக் கேட்டவருக்கு எத்தனை நொடியில் மனிதக் குரல் கிடைத்தது என்பவற்றை ஒவ்வொரு வாரமும் சரிபார்க்கும் நிறுவனம், முகவரை அலுவலக நேரத்துக்குப் பிந்திய அழைப்புகளுக்கோ ஒரே வகைப் பதிவுக்கோ முதலில் நிறுத்தி, பதிவான அழைப்புகளைக் கேட்டுத் திருத்திய பின்னரே அடுத்த பணியை அதனிடம் ஒப்படைக்கும்.