மொழி அறிவோம்: ‘சாக்கு’க் கிடைத்தால் மகிழலாமா?

தேயிலைத் தோட்டத்தில் சாக்கு என்றால் கொழுந்து கட்டும் சாக்கு. இதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால் ஒருவருக்கு ‘ஸேக்’ கிடைத்தது என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், அவருக்குச் சாக்கு கிடைத்தது என்பது பொருளன்று. அவர் வேலை போயிற்று என்பதே பொருள். ‘சீட்டுக் கிழிந்தது’ என்று நாம் சொல்வதும் இதுவே. சொற்கள் தம் நேர்ப்பொருளை விடுத்து, ஒன்றுகூடி வேறு பொருள் தருமாயின் அதனை மரபுத்தொடர் என்கிறோம்.

மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைகளிலும், பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்பவர் பள்ளி செல்லும் பிள்ளையே. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம் என மூன்றையும் சுமக்கும் அப்பிள்ளை, ஒரு தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னால், பெற்றோர் அதனை நம்பியே நடப்பர். ஆகவே இது தேர்வு மதிப்பெண்ணோடு முடியும் காரியம் அன்று.

அறிந்ததைக் கொண்டு அறியாததைப் பற்றுவதே எளிய வழி. ஒரு செயலால் இரு பயன் பெறுவதை நாம் ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ என்கிறோம். மலையாளத்தார் ‘ஒரு வெடிக்கு ரண்டு பட்சி’ என்பர். ஆங்கிலேயர் ஒரு கல்லால் இரண்டு பறவைகளை வீழ்த்துவர். கருத்து ஒன்றே.

‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பது மற்றொன்று. நியூகாசில், நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றிருந்த வட இங்கிலாந்துத் துறைமுகம். அங்கே கரி கொண்டு செல்வது வீண்வேலை. தமிழும் மலையாளமும் இதனைக் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகச் சொல்லும். மூணாற்றுக்குத் தேயிலை கொண்டு போவதா என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பது ‘அத்தி பூத்தாற்போல’. ஓர் ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாம் முழுநிலவை நீலநிலவு என்பர். அது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. இரவிகுளத்து நீலக்குறிஞ்சியோ 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-ஆம் ஆண்டில் பூத்தது.

‘டர்ன் ஓவர் எ நியூ லீஃப்’ என்பதிலுள்ள இலை, தேயிலை அன்று, புத்தகத்தின் ஏடு. நம் முன்னோர் பனையோலையில் எழுதியதையும் ஏடு என்றே வழங்கினோம். புதிய ஏட்டைப் புரட்டுதலாவது, பழைய பிழைகளை விடுத்துத் திருந்தி வாழத் தொடங்குதல்.

வழங்கும்போது மூன்றை நினைவிற் கொள்க. தொடரிலுள்ள சொல்லை மாற்றலாகாது. ‘ஸேக்’ இருக்குமிடத்தில் ‘பேக்’ என்றால் பொருள் கெடும். சில தொடர்கள் பெரும்பாலும் எதிர்மறையிலேயே வரும். ‘நாட் மை கப் ஆஃப் டீ’ என்றால் ‘எனக்குப் பிடித்தமானதன்று’ என்பதாம். தேநீர் வேண்டாம் என்பதன்று. மூன்றாவது, மனுக்களிலும் விண்ணப்பங்களிலும் இத்தகைய பேச்சுவழக்குத் தொடர்களைத் தவிர்த்தல் நன்று. அலுவலகக் கடிதங்களிலும் ‘ஸேக்’ வருவது அரிது, ‘டெர்மினேஷன்’ என்றிருக்கும். அதுவும் வேலைநீக்கமே. அச்சொல்லைக் கண்டால், ஆங்கிலம் நன்கறிந்த பெரியவர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டிய பின்னரே கையொப்பமிடுக.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: ‘ஸ்டார்ம் இன் எ டீகப்’, அதாவது தேநீர்க் கோப்பையில் புயல், அற்பக் காரியத்துக்குப் பெரும் ஆரவாரம். இதற்கு நிகரான தமிழ்த் தொடரை இன்றிரவு வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறோம்.